பித்தப்பைப் புற்றுநோய்: ரயில்வே ஏட்டில் தொடங்கிய ஒரு வரைபடம்

டெல்லியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மேல்மாடியில் ஒரு பிகார் குடும்பம் இருந்தது. சாப்ரா பக்கத்து ஊர். அந்த வீட்டு அம்மாவை நான் பாபிஜி என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பதைத் தொடாத வயது. இரண்டு வருடமாகவே "கேஸ், கேஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வலது விலாவுக்குக் கீழே வலி வரும். ஓமத்தண்ணி குடிப்பார், கொஞ்ச நேரம் படுப்பார், மறுநாள் எழுந்து வேலையைப் பார்ப்பார். ஒருநாள் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பித்தப்பையில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு நான்கு மாதம்தான் இருந்தார்.

அன்றிரவு ஊருக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "பித்தப்பையில கூடவா கேன்சர் வரும்? நான் கேள்விப்பட்டதே இல்லையேடி." எங்கள் தெருவில் யாருக்கு என்ன நோய், எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று எல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறவர் அம்மா. மார்பகம், கர்ப்பப்பை, வாய், வயிறு என்று அவர் கேள்விப்பட்ட புற்றுநோய்ப் பட்டியல் நீளமானது. அதில் பித்தப்பை இல்லை.

ஆனால் டெல்லியில் எங்கள் சந்தில் இருந்த பெண்களுக்கு இது புதிய செய்தியே இல்லை. "பித்த கி தைலி" என்று சொன்னதுமே ஒருவர் தன் அத்தையைச் சொன்னார், இன்னொருவர் தன் ஊரில் பக்கத்து வீட்டை. அம்மாவுக்குத் தெரியாதது இவர்களுக்கு எப்படி இவ்வளவு சாதாரணமாகத் தெரிந்திருக்கிறது? இந்தக் கேள்வியில் தொடங்கி அங்கங்கே படித்துச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவர் இல்லை. பழைய பதிவேடுகளில் ஆர்வம் உள்ளவள், அவ்வளவுதான்.

அம்மா சொன்னது சரிதான்

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடுவோம். உலக அளவில் இது பெரிய நோய் இல்லை. 2020இல் உலகம் முழுக்கப் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 1,16,000 பேர். அதே ஆண்டில் இதனால் இறந்தவர்கள் சுமார் 85,000 பேர். இந்த இரண்டு எண்களும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் பாபிஜிக்குப் போலத்தான், முற்றிய பிறகே தெரியவருகிறது.

இரண்டாவது, இந்த நோய் உலகத்தில் சீராகப் பரவியிருக்கவில்லை. அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கிறது. சிலி, பொலிவியா, அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள பழங்குடி மக்கள், வட இந்தியாவின் கங்கைச் சமவெளி, அசாம், கொரியா, ஜப்பானின் சில பகுதிகள். மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இது அரிது. எங்கே பார்த்தாலும் பெரும்பாலும் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம், இரண்டு மூன்று மடங்கு வரை.

இந்தியாவுக்குள் உள்ள வித்தியாசம் இன்னும் கூர்மையானது. டெல்லிப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் பெண்களில் சுமார் 10 பேருக்கு இந்த நோய். அசாமில் குவாஹாட்டி நகரம் அடங்கிய காம்ரூப் பதிவேட்டில் அதைவிடவும் அதிகம். சென்னைப் பதிவேட்டில் ஒன்றை ஒட்டித்தான். ஒரே நாட்டுக்குள் பத்து மடங்கு வித்தியாசம். டெல்லியில் பெண்களுக்கு வரும் முதல் ஐந்து புற்றுநோய்களில் ஒன்றாக நிற்பது, சென்னையில் பட்டியலின் அடியில் எங்கோ கிடக்கிறது. அம்மா கேள்விப்படாததில் ஆச்சரியமே இல்லை.

வியன்னாவிலிருந்து பெர்லினுக்கு

இந்த நோயை முதலில் எழுதிவைத்தவர் என்று மருத்துவ வரலாற்றில் சொல்லப்படுபவர் வியன்னா மருத்துவர் மேக்ஸிமிலியன் ஸ்டோல். ஆண்டு 1777. இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது கண்டது அது. உயிரோடு இருப்பவரிடம் கண்டுபிடிக்க அன்று வழியே கிடையாது. ஸ்கேன் வரும்வரை கிட்டத்தட்ட இருநூறு வருடம் நிலைமை பெரிதாக மாறவில்லை.

இதன் அமைப்பும் அப்படி. பித்தப்பை என்பது கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பை. கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, நாம் கொழுப்பு சாப்பிடும்போது சுருங்கிக் குடலுக்குள் விடும். சுவர் மெல்லியது. குடலின் சுவரில் இருக்கிற ஒரு அடுக்கு இதில் இல்லை. கட்டி கொஞ்சம் வளர்ந்தாலே சுவரைத் தாண்டிக் கல்லீரலுக்குப் போய்விடும். அதுவரை வெளியே தெரிவது "கேஸ்" மாதிரி ஒரு வலி, அவ்வளவுதான்.

1882 ஜூலையில் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்கிற அறுவை மருத்துவர் முதல்முறையாக ஒரு மனிதரின் பித்தப்பையை முழுசாக எடுத்தார். அதுவரை பித்தப்பையைத் திறந்து கல்லை எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பதுதான் வழக்கம். லாங்கன்புக்கின் வாதம் எளிமையானது: கல்லை மட்டும் எடுத்தால் அந்தப் பை மறுபடியும் கல்லை உண்டாக்கும். பை இல்லாமல் வாழ முடியுமா? யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பையே கிடையாதே! நோயாளி பிழைத்தார். மறுநாளே படுக்கையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பித்தப்பைப் புற்றுநோய்க்காரர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லும் இருக்கிறது என்பது அதன்பிறகுதான் மெல்ல மெல்லத் தெளிவானது. நூற்றுக்கு எழுபது, எண்பது பேர் என்கிறார்கள். ஆனால் இதைத் திருப்பிப் போட்டுப் படிக்கக் கூடாது. கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. யாருக்கு, எங்கே, ஏன் வருகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு மருத்துவமனை மட்டும் போதாது. ஊர் ஊராக எண்ண வேண்டும்.

ரயில்வே ஆஸ்பத்திரி ஏடுகள்

இந்தியாவில் அப்படி ஊர் ஊராக எண்ணக்கூடிய ஒரு நிறுவனம் 1960களில் இருந்தது. அதுதான் ரயில்வே.

யோசித்துப் பாருங்கள். பஞ்சாபில் இருந்து தமிழ்நாடு வரை ஒரே மாதிரிப் பதவி, ஒரே மாதிரிச் சம்பளம், ஒரே மாதிரி மருத்துவ விதி. ஊழியருக்கு உடம்பு சரியில்லை என்றால் ரயில்வே ஆஸ்பத்திரி. லீவு வேண்டுமென்றால் ரயில்வே டாக்டரின் சான்று. மொத்த ஊழியர் எத்தனை, எந்த வயது என்பதும் கணக்கில் இருக்கும். நோய்ப்பரவலைப் படிக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? நோயாளிகள் எத்தனை என்பது எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். எத்தனை பேரில் அத்தனை நோயாளிகள் என்பதுதான் கிடைக்காது. ரயில்வேயில் இரண்டும் கிடைத்தது.

பம்பாயில் மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எஸ். எல். மல்ஹோத்ரா இந்த ஏடுகளை வைத்து வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். 1967இல் மாரடைப்பு பற்றி: தென்னிந்திய ரயில்வே ஊழியர்களிடம் அது வடக்கைவிடப் பல மடங்கு அதிகம். 1968இல் பித்தப்பைக் கல் பற்றி: அது அப்படியே தலைகீழ். வட இந்திய ஊழியர்களிடம் தெற்கைவிட ஏழு மடங்கு.

காரணத்தை அவர் உணவில் தேடினார், குறிப்பாகக் கொழுப்பின் வகையில். அந்த விளக்கம் எல்லாம் இன்று அப்படியே நிற்கவில்லை. ஆனால் அவர் கண்ட வித்தியாசம் நின்றது. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் சேர்த்தன. கற்களின் எண்ணிக்கை மட்டுமில்லை, வகையும் வேறு. வடக்கில் பெரும்பாலும் கொலஸ்ட்ரால் கற்கள், மஞ்சளாக, சில சமயம் பெரிதாக. தெற்கில் பெரும்பாலும் நிறமிக் கற்கள், கறுப்பாக, சிறிதாக. கல்லின் அளவும் முக்கியம். 1983இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், 3 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் பெரிய கல் உள்ளவர்களுக்கு, 1 சென்டிமீட்டருக்கும் குறைந்த கல் உள்ளவர்களைவிடப் புற்றுநோய் ஆபத்து பத்து மடங்கு என்று தெரிந்தது.

மல்ஹோத்ராவின் கட்டுரையில் எனக்கு உறுத்திய விஷயம் வேறு. பித்தப்பை நோய் பெண்களின் நோய். கர்ப்பகாலத்தில் ஒரு ஹார்மோன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது, இன்னொன்று பித்தப்பை சுருங்குவதை மந்தமாக்குகிறது. பிள்ளைப்பேறு கூடக்கூடக் கல்லுக்கு வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் 1960களில் ரயில்வே ஊழியர் என்றால் பெரும்பாலும் ஆண்கள். பெண்களின் நோயை ஆண்களின் ஏட்டில் படித்து வரைந்த வரைபடம் அது. அப்படிப் படித்தும் ஏழு மடங்கு தெரிந்ததென்றால், அந்த வீடுகளுக்குள் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

பதிவேடு இல்லாத ஊர்

பெண்களும் எண்ணப்பட வேண்டுமென்றால், ஊழியர் ஏடு போதாது. ஊர் மக்கள் எல்லாரையும் அடக்கிய பதிவேடு வேண்டும். இந்தியாவில் அப்படி முதலில் வந்தது பம்பாய்ப் பதிவேடு, 1960களின் தொடக்கத்தில். 1981-82இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தில் பெங்களூரும் சென்னையும் சேர்ந்தன. சென்னைப் பதிவேட்டை நடத்துவது அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். டெல்லி 1980களின் பிற்பகுதியில் வந்தது. டெல்லிக் கணக்கு வந்த பிறகுதான் பித்தப்பை ஒரு பெரிய புற்றுநோயாகத் தேசிய அறிக்கைகளில் தலைகாட்டியது.

பட்டியலைக் கவனியுங்கள். பம்பாய், பெங்களூர், சென்னை: முதலில் எண்ணத் தொடங்கிய ஊர்கள் இந்த நோய் குறைவாக உள்ள ஊர்கள். குவாஹாட்டியில் பதிவேடு வந்தது 2003இல். வாரணாசியில் வந்தது 2010களின் பிற்பகுதியில். நோய் அதிகமுள்ள நடுக் கங்கைச் சமவெளி கடைசியாகத்தான் ஏட்டுக்குள் வந்தது. அதற்கு முன்பு அங்கே யாருக்கும் தெரியாதா என்றால், தெரியும். வாரணாசியிலும் லக்னோவிலும் பாட்னாவிலும் இருந்த அறுவை மருத்துவர்கள் தங்கள் வார்டில் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், கட்டுரைகளும் எழுதினார்கள். ஆனால் "எங்கள் வார்டில் நிறைய வருகிறார்கள்" என்பதும் "1 லட்சம் பேரில் இத்தனை" என்பதும் வேறு வேறு. இரண்டாவதற்குத்தான் அரசாங்கத்தின் காது திரும்பும்.

டைபாய்டு கிருமி எங்கே ஒளிந்துகொள்கிறது

கல் ஒரு பாதி. இன்னொரு பாதி கிருமி.

டைபாய்டு மேரி என்று பெயர் வாங்கிய மேரி மாலனின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நியூயார்க்கில் வீடுகளில் சமையல் வேலை செய்தவர். அவருக்குக் காய்ச்சலே இல்லை, ஆனால் அவர் சமைத்த வீடுகளில் டைபாய்டு வந்தது. 1907இல் கண்டுபிடித்தார்கள். கிருமி பித்தப்பையில் இருக்கும் என்று நினைத்து அதை எடுத்துவிடச் சொன்னார்கள். அவர் மறுத்தார். 1938இல் இறக்கும்வரை, நடுவில் ஐந்தாண்டு தவிர, தனிமைத் தீவில்தான் வாழ்க்கை.

டைபாய்டு வந்து குணமானவர்களில் ஒரு சிலருக்குக் கிருமி போவதில்லை. பித்தப்பையில் தங்கிவிடும். கல் இருந்தால் இன்னும் வசதி. கல்லின் மேல் பாசி மாதிரி ஒரு படலமாகப் படிந்து, மருந்துக்கும் அசையாமல் வருடக்கணக்கில் இருக்கும். இப்படிக் கிருமியைச் சுமக்கிறவர்களின் பட்டியல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையிடம் இருந்தது, மற்றவர்களுக்குத் தொற்றாமல் கண்காணிப்பதற்காக. 1979இல் அந்தப் பட்டியலை எடுத்து, அவர்கள் எதனால் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். கல்லீரல், பித்தப்பைப் பகுதிப் புற்றுநோய் மற்றவர்களைவிட மிக அதிகம்.

அடுத்தது ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரம். 1964இல் அங்கே ஒரு டின் மாட்டிறைச்சியால் 500 பேருக்கு மேல் டைபாய்டு வந்தது. முப்பது வருடம் கழித்து, 1994இல், அவர்களையும் நாட்பட்டுக் கிருமி சுமப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒருமுறை டைபாய்டு வந்து முழுசாகக் குணமானவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து கூடவில்லை. கிருமியைச் சுமந்துகொண்டே இருந்தவர்களுக்குத்தான் பல மடங்கு கூடியது. வாரணாசியில் நடந்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின. ஒருமுறை காய்ச்சல் வந்து போனதைப் பற்றிப் பயம் வேண்டாம், அது தங்கிவிடுவதுதான் சிக்கல் என்பது இதிலிருந்து கிடைக்கிற பாடம். ஒரு கிருமி ஓர் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தங்குவதற்குக் காரணம் அந்த ஊரின் தண்ணீர்.

சாண்டியாகோவின் கீரை வயல்கள்

இந்த இடத்தில் சிலிக்குப் போக வேண்டும். உலகத்தில் இந்த நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று அது. ஒரு காலத்தில் சிலிப் பெண்களின் புற்றுநோய் மரணத்தில் முதலிடமே இதற்குத்தான்.

1980களின் தொடக்கத்தில் தலைநகர் சாண்டியாகோவில் ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் சுமார் 200 பேருக்கு டைபாய்டு வந்துகொண்டிருந்தது. விசித்திரம் என்னவென்றால், அந்த நகரத்தில் குழாய்த் தண்ணீர் குளோரின் கலந்த சுத்தமான தண்ணீர். பிறகு எப்படி? ஆராய்ச்சியாளர்கள் தேடிப்போய் நின்ற இடம் நகரத்தைச் சுற்றியிருந்த காய்கறி வயல்கள். நகரின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் கலந்தது. கோடையில் அந்த நீரைத்தான் லெட்டூஸ் போன்ற பச்சையாகத் தின்னும் கீரைகளுக்குப் பாய்ச்சினார்கள். வீட்டுக் குழாயில் வராத கிருமி சாலட்டில் வந்தது.

1982இல் அங்கே இன்னொரு ஆய்வு. பித்தப்பை எடுக்கும் ஆபரேஷனுக்கு வந்த 1000 பேரின் பித்தநீரைச் சோதித்தார்கள். நூற்றுக்கு ஏழு பேரிடம் டைபாய்டு குடும்பத்துக் கிருமி. தாங்கள் அதைச் சுமக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

1991இல் பெருவில் காலரா வெடித்து சிலிக்கும் வந்தது. அரசாங்கம் பயந்துபோய், சாக்கடை நீர் பாய்ந்த சாலட் காய்கறிகளைத் தடை செய்தது. காலரா அடங்கியது. கூடவே யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் டைபாய்டும் சரிந்தது. பல வருடமாகத் தடுப்பு மருந்தும் பிரசாரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்ததை, வயலுக்குப் பாயும் தண்ணீரை மாற்றியது ஒரே அடியாகச் செய்தது.

ஆபரேஷன் கதையும் சிலியில்தான் தெளிவாகத் தெரிகிறது. 1980களில் அங்கே பித்தப்பை எடுக்கும் ஆபரேஷன்கள் குறைந்தன. பித்தப்பைப் புற்றுநோய் மரணம் ஏறியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டி 1990இல் சிலி மருத்துவர்களே எழுதினார்கள். ஆபரேஷன் கூடிய நாடுகளில் மரணம் குறைந்ததை 1981லேயே லான்செட் இதழில் வேறு இருவர் காட்டியிருந்தார்கள். கடைசியில் 2006இல் சிலி அரசு, 35 முதல் 49 வயதுக்குள் பித்தப்பைக் கல்லோடு வருகிறவர்களுக்கு ஆபரேஷன் செய்வதைச் சட்டப்படியான உரிமையாகவே ஆக்கியது. புற்றுநோயைத் தடுப்பதற்கென்று பித்தப்பை எடுப்பதை ஒரு நாடு தேசியத் திட்டமாக வைத்தது அபூர்வமான விஷயம். அந்த நாட்டில் இந்த நோயின் மரண விகிதம் 2000க்குப் பிறகு இறங்கியிருக்கிறது.

ரத்தத்தில் இருக்கிறதா?

"அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு" என்று சொல்லிவிடுவது எப்போதும் சுலபம். அதற்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா மக்களிடம் 1970இல் ஓர் ஆய்வு நடந்தது. 25 முதல் 34 வயதுப் பெண்களில் நான்கில் மூன்று பேருக்குப் பித்தப்பை நோய். சிலியில் மாபுச்சே பழங்குடிகளின் வம்ச அம்சம் ஒருவரிடம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இந்தப் புற்றுநோய் மரண ஆபத்தும் கூடுகிறது என்று 2017இல் மரபணு ஆய்வு ஒன்று சொன்னது. அதே ஆண்டு மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வு, இந்திய நோயாளிகளிடம் ஏழாவது குரோமோசோமில் ஒரு பகுதியைக் குறித்தது. கல்லீரலில் இருந்து பித்தநீருக்குள் கொழுப்புப் பொருள்களைக் கடத்தும் புரதத்துக்கான மரபணு இருக்கும் பகுதி அது.

ஆனால் மரபணு இருபது வருடத்தில் மாறாது. சிலியில் மரணம் மாறியது. மாறியவை தண்ணீர், ஆபரேஷன் வரிசை, ஸ்கேன் வசதி. மரபணு ஒருவரை வாசல்வரை கொண்டுவந்து விடலாம், உள்ளே தள்ளுவது வேறு.

சந்தேகப் பட்டியலில் இன்னும் சில உண்டு. சிலியில் 2015இல் வந்த ஆய்வு, காய்ந்த சிவப்பு மிளகாயில் வளரும் பூஞ்சையின் நஞ்சான அஃப்லடாக்ஸினைச் சந்தேகித்தது. கங்கைச் சமவெளியில் கடுகெண்ணெய், அதில் நடக்கும் கலப்படம், நிலத்தடி நீரின் ஆர்செனிக் எல்லாம் விசாரணையில் இருக்கின்றன. ஜப்பானிலும் கொரியாவிலும் பித்தக் குழாயும் கணையக் குழாயும் பிறவியிலேயே வேறு மாதிரி சேர்ந்திருப்பது ஒரு காரணம், அங்கே கல்லே இல்லாமலும் வரும். ஒரே பெயருள்ள நோய்க்கு ஊருக்கு ஊர் வழி வேறு.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் என்ன?

நமக்குத்தான் இது குறைவாயிற்றே என்று விட்டுவிடலாம். நான் இரண்டு விஷயம் நினைக்கிறேன்.

ஒன்று, இன்று தமிழ்நாட்டில் கட்டட வேலையிலும் மில்லிலும் ஹோட்டலிலும் இருப்பவர்கள் பிகார், உத்தரப் பிரதேசம், அசாம், மேற்கு வங்கம் என்று நோய் அதிகமுள்ள பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்கள். பலர் குடும்பத்தோடு வருகிறார்கள். உபாதை தராத கல்லை விட்டுவைக்கலாம் என்பது பொதுவான மருத்துவ வழக்கம். நோய் குறைவான ஊருக்கு அது சரியான வழக்கம்தான். ஆனால் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் எந்த ஊரில் வளர்ந்தவர் என்று கேட்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு கேள்விக்கு இங்கே அர்த்தம் இருக்கிறது.

இரண்டு, யாருக்காக இருந்தாலும்: கல் இருந்து வலியும் வந்துகொண்டிருந்தால் "கேஸ்" என்று தள்ளிப்போட வேண்டாம். பித்தப்பையை எடுத்தால், எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த ரிப்போர்ட்டையும் வாங்கிப் பாருங்கள். ஆரம்ப நிலையில் பிழைப்பவர்களில் பலர், வெறும் கல் என்று நினைத்து ஆபரேஷன் செய்து, பிறகு அந்த ரிப்போர்ட்டில் தெரியவந்தவர்கள்தான்.

பாபிஜிக்கும் தெரிந்தே இருந்தது. அவர் போன பிறகு அவருடைய மகள் பழைய ஃபைலைக் காட்டினாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஸ்கேன். பெரிய கல், ஆபரேஷன் செய்துகொள்ளவும் என்று எழுதியிருந்தது. முதலில் மகள் கல்யாணம், பிறகு குளிர்காலம், பிறகு சட் பூஜைக்கு ஊருக்குப் போக வேண்டும், வந்து பார்த்துக்கொள்ளலாம். அரசு ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும் என்பதும் சேர்ந்துகொண்டது.

அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். பாபிஜியின் அக்கா சில வருடத்துக்கு முன்பு ஊரில் இறந்துபோனார். "பெரியம்மாவுக்கு பீலியா வந்துச்சு, அதுலயே போயிட்டாங்க" என்றாள். பீலியா என்றால் மஞ்சள் காமாலை. அதற்கும் முன்னால் இரண்டு வருடம் வலது பக்கம் வலி இருந்ததாம். ஸ்கேன் எடுக்கவில்லை. நாட்டு மருந்து கொடுத்தார்கள்.

பாபிஜி டெல்லியில் இருபது வருடம் வாழ்ந்தவர். அதனால் டெல்லிப் பதிவேட்டில் அந்த ஆண்டு ஒரு எண்ணாக அவர் இருப்பார். அவருடைய அக்காவுக்கு என்ன நோய் என்று எந்த ஏட்டிலும் இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "நம்ம தெருவுலயும் காமாலையில போனவங்க ரெண்டு மூணு பேர் இருக்காங்களே. அவங்களுக்கு யாராவது ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்களா?"